எழுந்து நின்றவளுக்கு ஊதாத விசில்

இரண்டு உள்ளங்கைகள் ஒரே சமயத்தில் தரையில் அறையும் சத்தம். சித்தியை நினைத்தால் முதலில் எனக்குக் கேட்பது அதுதான். முகம் அப்புறம்தான் வரும். பந்தைப் போட மேலே போனவள் கீழே வரும்போது, இடுப்போ முதுகோ தரையைத் தொடுவதற்குள் அந்தக் கைகள் முந்திக்கொள்ளும். பட்டென்று ஒரு சத்தம். அது அடங்குவதற்குள் எழுந்து நிற்பாள். உள்ளங்கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு ரெஃப்ரியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். கூட்டம் கைதட்டும். ரெஃப்ரி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஆட்டம் போகட்டும் என்று கையை ஆட்டுவார். அந்தக் கையாட்டலை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

சித்தி என்றால் அம்மாவின் கடைசித் தங்கை. எனக்கும் அவளுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. காமயகவுண்டன்பட்டியில் ஒரே வீட்டில் வளர்ந்தோம், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம், ஒரே கூடைப்பந்து அணியில் இருந்தோம். இருந்தோம் என்று நான் சொல்வது எனக்குக் கொஞ்சம் பெருமை சேர்த்துக்கொள்ளத்தான். அவள் ஆடினாள், நான் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர்ப் பாட்டில்களுக்குக் காவல் இருந்தேன். தாத்தாவுக்குத் திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே பெரியவர்கள் எல்லாரும் குனிந்துதான் நடக்க வேண்டும். லீவு நாளில் காலையெல்லாம் அங்கே குனிந்து கொடி வெட்டிவிட்டு, சாயங்காலம் கோர்ட்டுக்கு வந்ததும் சித்திக்கு மேலே போயே ஆக வேண்டும். அவள் கூடை மாட்டிய போர்டை நோக்கி ஓடி வந்து எழும்பும்போது, மேலே போய் நின்று ஒரு நொடி யோசித்துவிட்டுப் பந்தைப் போடுகிற மாதிரி இருக்கும். எங்கள் அணியில் வேறு யாருக்கும் அது வரவில்லை. எனக்கு இன்றுவரை வரவில்லை.

பெண் பிள்ளையைக் கால்சட்டை போட்டு ஆட விட்டதே பெரிய விஷயம் என்று ஊரில் தாத்தாவைப் புகழ்வார்கள். புகழட்டும். ஆனால் அவர் அனுமதி கொடுத்தபோது கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். முற்றத்தில் நின்று அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஆடு ஆத்தா, வேணாங்கல. ஆனா ஒரு நா உன்னத் தூக்கிட்டு வந்தாகன்னு வச்சுக்க, அன்னைக்கோட முடிஞ்சது ஆட்டம். கை கால் ஒடிஞ்ச புள்ளைய நா எவன் தலையில கட்டுறது?" அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் சொன்னால் அது நடக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சித்தி தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து அவள் தரையில் கிடந்து நான் பார்த்ததில்லை. யாராவது கை கொடுத்துத் தூக்க வந்தால்கூடக் கையைத் தட்டிவிடுவாள். மைதானத்தில் பார்ப்பவன் எவனாவது ஊரில் போய், உங்க மகளைத் தூக்கிவிட்டாக என்று சொல்லிவிடுவானோ என்ற பயம்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எங்கள் பக்கத்து ரெஃப்ரிகளுக்கு அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகிக்கொண்டது. போர்டுக்கு அடியில் மோதல் நடந்து ஒரு பிள்ளை விழுந்தால், விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்பார்கள். விழுந்தது எழுகிறதா என்று பார்ப்பார்கள். எழுந்துவிட்டால் ஒன்றுமில்லை, கையாட்டு. எழவில்லையா, ஃபவுல். அழுதால் கட்டாயம் ஃபவுல். ரத்தம் வந்துவிட்டால் இடித்த பிள்ளையை வெளியேகூட அனுப்பிவிடுவார்கள். தீர்ப்பு இப்படி இடித்தவள் கையில் இல்லாமல், இடிபட்டவளின் எலும்பில் இருந்தது. கெட்டியான எலும்பாக இருந்தால் நியாயம் கிடைக்காது.

கூடைப்பந்து தெரியாதவர்களுக்கும் இது புரியும்படி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெரிந்தவர்களுக்கே புரியாமல் போனதுதான் என் ஆத்திரம். தரையில் நிற்பவளுக்கு வழி உண்டு. நிற்கலாம், திரும்பலாம், விலகலாம். தரையை விட்டுக் காலை எடுத்தவளுக்கு எதுவும் கிடையாது. எங்கே இறங்குவது என்பதை அவள் எழும்பின நொடியிலேயே முடிவு செய்துவிட்டாள். நடுவில் மாற்ற முடியாது. அதனால்தான் விதி அவள் பக்கம் நிற்கிறது. அவள் எழும்பியபோது காலியாக இருந்த இடத்தில் இறங்க அவளுக்கு உரிமை உண்டு. அவள் காற்றில் இருக்கும்போது இன்னொருத்தி அந்த இடத்துக்குள் நகர்ந்து வரக் கூடாது. வந்து, மேலே இருப்பவளின் கால் தட்டினால் அது ஃபவுல். ரெஃப்ரி பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: மேலே போனவள் எப்போது எழும்பினாள், அப்போது மற்றவள் எங்கே நின்றாள், அப்புறம் நகர்ந்தாளா. மூன்றும் மேலே இருப்பவள் தரைக்கு வருவதற்குள் முடிந்துவிடுகின்றன. அவள் எப்படி விழுந்தாள், எழுந்தாளா, சிரித்தாளா, அழுதாளா என்பதெல்லாம் மருத்துவர் பார்க்க வேண்டியது.

எங்கள் ரெஃப்ரிகள் மருத்துவர் வேலையைப் பார்த்தார்கள். அதையும் உருப்படியாகப் பார்க்கவில்லை.

மற்ற அணிகள் இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆகும்? சித்தி விழுந்தாலும் எழுந்துவிடுவாள், எழுந்தால் விசில் வராது. அப்படியானால் அவளை விழ வைப்பதற்குச் செலவே இல்லை. எதிரணி மாஸ்டர்கள் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "அடியில போ, அடியில போ" என்று கத்துவது எனக்குப் பெஞ்சில் கேட்கும். ரெஃப்ரிக்கும் கேட்டிருக்கும். அந்தப் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, சொன்னதைச் செய்தார்கள். சித்தி மேலே இருக்கும்போது ஓர் எட்டு வைத்து அவளுக்குக் கீழே வந்து நிற்பார்கள். அவள் அந்தத் தோளிலோ முதுகிலோ கால் இடறிக் குப்புறவோ மல்லாக்கவோ வருவாள். பட்டென்று கை. எழுந்து நின்று சிரிப்பு. கைதட்டல். வீட்டுக்கு வந்ததும் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு உள்ளங்கைகளையும் முக்கிவைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். தோல் உரிந்து பொடிக்கல் ஏறியிருக்கும். நான் கேட்டால், "சத்தம் போடாதடி, அய்யாவுக்குக் கேக்கும்" என்பாள், தாத்தா இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டே.

அவள் பிளஸ் டூ படித்த வருஷம், தேனியில் ஒரு மைதானத்தில் அந்த ஆட்டம் நடந்தது. வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து ஆள் பார்க்க வந்திருந்தார்கள். விளையாட்டில் இடம் கிடைத்தால் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. சித்திக்கு ஊரை விட்டு வெளியே போக அது ஒன்றுதான் வழி. இல்லாவிட்டால் வெயில் காலத்துக்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதல் பாதியில் அவள் ஆடியதைப் பார்த்து, வந்திருந்த மேடம் எங்கள் மாஸ்டரிடம் வந்து அவள் பேரைக் கேட்டுவிட்டுப் போனார். இரண்டாம் பாதியில் எதிரணி அடியில் போக ஆரம்பித்தது. ஒரு தடவை விழுந்தாள், எழுந்தாள். மறுபடி விழுந்தாள், எழுந்தாள். அன்றைய ரெஃப்ரி எங்கள் பக்கத்தில் நல்ல பெயர் எடுத்த மனிதர். லஞ்சம் வாங்குகிறவர் இல்லை, ஆள் பார்த்து ஊதுகிறவர் இல்லை. இரண்டு தடவையும் குனிந்து அவள் எழுகிறாளா என்று அக்கறையாகத்தான் பார்த்தார். அந்த அக்கறையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைசியாக அவள் மேலே போனபோது, எதிரணிப் பிள்ளை தோளைச் சாய்த்துக்கொண்டு அடியில் வந்தது. சித்தியின் ஒரு கால் அந்தப் பிள்ளையின் முதுகில் மாட்டிக்கொள்ள, மற்றக் கால் மட்டும் தரைக்கு வந்தது. முட்டி உள்பக்கமாக மடங்கியதைப் பெஞ்சில் இருந்த நாங்கள் எல்லாரும் பார்த்தோம். கை அறைந்த சத்தம் கேட்டது. கூடவே இன்னொரு சத்தமும் கேட்டது, பச்சைக் குச்சியை ஒடிக்கிற மாதிரி. எங்கள் மாஸ்டர் உள்ளே ஓடப் போனார். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, முகம் வெளுத்து, ரெஃப்ரியைப் பார்த்துச் சிரித்தாள். அவர் கேட்டார், "என்னம்மா, ஒண்ணுமில்லையே?" அவள் சொன்னாள், "ஒண்ணுமில்ல சார்." மைதானம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அவர் கையை ஆட்டினார்.

ஆட்டம் முடியும் வரை அவள் வெளியே வரவில்லை. பஸ்ஸிலிருந்து வீடு வரை என் தோளைக்கூடப் பிடிக்கவில்லை. தாத்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் முன்னால் நடந்து போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தாள். மறுநாள் காலையில் முட்டி பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. எண்ணெய்க் கட்டுப் போட்டார்கள். மதுரைக்குக் கூட்டிப் போனபோது டாக்டர் ஜவ்வு அறுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் ஆடலாம் என்றார். "வயசுப் புள்ளைக்கு முட்டியில கத்தி வக்கிறதா? நடந்தாப் போதும்" என்று தாத்தா திரும்ப அழைத்து வந்துவிட்டார். கல்லூரித் தேர்வுக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. போய் ஓடிக் காட்ட அவளால் முடியவில்லை. தாத்தாவின் நிபந்தனையைச் சித்தி கடைசிவரை காப்பாற்றியதாகத்தான் சொல்ல வேண்டும்: அவளை யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லை, ஆனாலும் ஆட்டம் முடிந்தது.

சித்தி இப்போது என்னோடு இருந்துகொண்டு, கம்பத்தில் ஓர் உரக்கடையில் கல்லாவில் உட்காருகிறாள். கல்யாணம் நடந்தது, சரியாக அமையவில்லை. அது வேறு கதை, அதற்கு வேறு ஆட்களைத் திட்ட வேண்டும். டவுன் பஸ்ஸில் ஏறும்போது நல்ல காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து மற்றக் காலை இழுத்துக்கொள்வாள். பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். நான் உடற்கல்வி ஆசிரியை ஆனேன், பிறகு பரீட்சை எழுதி ரெஃப்ரி ஆனேன். பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு விசில் கிடைத்திருக்கிறது என்று சித்தியே கேலி செய்வாள். எதற்காக ரெஃப்ரி ஆனேன் என்று அவளிடம் நான் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

ஆத்திரத்தில் எழும்புகிறவர்களுக்கெல்லாம் ஃபவுல் கொடுக்கிறவள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை ஓடைப்பட்டியில் நடந்த ஆட்டத்தில் ஒரு பிள்ளை முன்பே அசையாமல் நின்றுகொண்டிருந்தது. இன்னொரு பிள்ளை ஓடி வந்து அதன் மேலேயே எழும்பி, மோதி விழுந்து, உதடு கிழிந்து ரத்தம். நான் விழுந்த பிள்ளைக்கு எதிராகத்தான் ஊதினேன். நின்றவளுக்கு அந்த இடம் சொந்தம். விழுந்த பிள்ளையின் அப்பா கோட்டுக்குள்ளேயே வந்து, "ரத்தம் வந்து கெடக்கு, அதுமேலயே ஃபவுலா? நீயெல்லாம் ஒரு பொம்பளயா?" என்றார். கோட்டுக்கு வெளியே கையைக் காட்டினேன். வீட்டில் சித்தியிடம் சொன்னபோது அவள், "சரியாத்தான் ஊதியிருக்க. அது முன்னாடியே நின்னுச்சுல்ல?" என்றாள். ரத்தத்தைப் பார்த்து ஊதுவதும் எழுந்து நிற்பதைப் பார்த்து ஊதாமல் விடுவதும் ஒரே தப்பின் இரண்டு பக்கங்கள். இரண்டிலும் ரெஃப்ரி காற்றில் நடந்ததை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்கிறார்.

இந்த வருஷம் உத்தமபாளையம் பக்கம் ஒரு போட்டி. பெண்கள் பிரிவு இறுதி ஆட்டத்துக்கு என்னைப் போட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை, ஒல்லியாக, பின்னலை மடித்துக் கட்டிக்கொண்டு, போர்டுக்கு ஓடி வந்து எழும்பியது. எதிரணிப் பிள்ளை ஓர் எட்டு வைத்து அடியில் வந்தது. மேலே இருந்த பிள்ளை கால் இடறி விழ, அதன் இரண்டு கைகளும் தரையில் அறைந்தன. அந்தச் சத்தம் கேட்பதற்கு முன்பே நான் ஊதிவிட்டிருந்தேன். பிள்ளை துள்ளி எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. "நல்லாத்தான் இருக்கேன் மேடம்" என்றது. எதிரணி மாஸ்டர் சத்தம் போட்டார், "அதுவே நல்லாருக்கேங்குது, நீங்க எதுக்கு ஊதுறீக?" அதைவிடக் கொடுமை, அந்தப் பிள்ளையின் சொந்த மாஸ்டரே, "விடுங்க மேடம், எங்க புள்ள தாங்கும்" என்று பெருமையாகச் சொன்னார். தாங்குகிறதாம். சுமைதாங்கிக் கல்லா அது? அடியில் வந்த பிள்ளைக்குக் கடுமையான ஃபவுலைக் காட்டி, விழுந்த பிள்ளைக்கு யாரும் மறிக்காமல் கூடைக்குள் எறியும் ஃப்ரீ த்ரோ இரண்டு கொடுத்தேன். கூட்டம் ஊளையிட்டது.

பரிசளிப்புக்குச் சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் யார் என்று, அவர் மேடையில் ஏறிய பிறகுதான் பார்த்தேன். தேனியில் அன்று ஊதிய அதே ரெஃப்ரி. ஓய்வு பெற்று, தலையெல்லாம் வெளுத்து, இன்னும் நிமிர்ந்துதான் இருந்தார். மைக்கைப் பிடித்தவர், இந்தக் காலத்தில் தொட்டதற்கெல்லாம் விசில் என்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "எங்க காலத்துல ஒரு புள்ள ஆடுச்சு. மூணு தடவ விழுந்துச்சு. மூணு தடவயும் தானா எந்திரிச்சு நின்னு, ஒண்ணுமில்ல சார்னுச்சு. அப்பேர்ப்பட்ட தைரியத்த நான் பொறவு பாக்கல. நீங்கள்லாம் அந்தப் புள்ள மாதிரி இருக்கணும்." கைதட்டினார்கள். தேனி மைதானத்தில் கேட்ட அதே கைதட்டல். அவருடைய பேச்சைப் பார்த்தால், இதை அவர் பல மேடைகளில் சொல்லிப் பழகியிருக்கிறார் என்று தெரிந்தது. சித்தியின் முட்டியை வைத்து இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்கு உபதேசம் நடந்துகொண்டிருக்கிறது.

இறங்கியதும் அவரிடம் போனேன். அந்தப் பிள்ளை என் சித்தி என்றேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "அப்படியா? எப்படி இருக்காக?" என்றார். பஸ் படி ஏறக் கஷ்டப்படுகிறாள், சம்மணம் போட்டு உட்கார முடியாது, அன்று ஜவ்வு அறுந்தது என்றேன். அவர் சிரிப்பு நின்றது. பிறகு, "எந்திரிச்சு நின்னுச்சேம்மா. நான் கேட்டேனே, ஒண்ணுமில்லன்னுச்சே" என்றார். "எந்திரிச்சது அவ வேல சார். ஊதுறது உங்க வேல. அவகிட்ட எதுக்குக் கேட்டீக? அடியில வந்தது உங்க கண்ணு முன்னாடிதான?" என்றேன். "அன்னைக்கு எல்லாரும் அப்படித்தாம்மா பாத்தோம்" என்று மட்டும் சொன்னார். உண்மைதான். எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள். அதற்காக என் கோபத்தை எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுத்து நான் லேசாகிவிட முடியாது. விசில் ஒருவர் வாயில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் கொட்டித் தீர்த்தேன். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், "எம்பேரச் சொன்னாரா?" என்று கேட்டாள். இல்லை, ஒரு புள்ள என்றுதான் சொன்னார் என்றேன். "பேரு மறந்துபோச்சாக்கும்" என்றாள். அப்புறம், "அந்தப் புள்ள ஃப்ரீ த்ரோவைப் போட்டுச்சா?" என்று கேட்டாள். ஒன்று விழுந்தது, ஒன்று போய்விட்டது என்றேன். "எனக்குக் குடுத்திருந்தா ரெண்டையும் போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டாள்.

போன வாரம் காலையில் அடுப்படியில் இருந்தேன். பின்பக்கம் துணி துவைக்கிற கல் இருக்கும் இடத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. இரண்டு உள்ளங்கைகளும் ஒரே சமயத்தில். பாசியில் வழுக்கியிருக்கிறாள். நான் ஓடிப் போவதற்குள் கல்லைப் பிடித்துப் பாதி எழுந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு வந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். தாத்தா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. வாசலில் யாரும் நிற்கவில்லை. கைதட்டவும் யாரும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அவள் தோளைப் பிடித்துத் திரும்பக் கீழே உட்கார வைத்தேன்.

"எந்திரிக்காத சித்தி. அப்படியே இரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

ஈரத்தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகப் பின்னால் சாய்ந்து படுத்துக்கொண்டாள். தோல் உரிந்த உள்ளங்கைகள் இரண்டும் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, நான் நிறுத்தவில்லை. வெகுநேரம் கழித்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, "வலிக்குதுடி" என்றாள்.